பதினான்கு நாடுகள் – 11: டோலி வராத நாள்

1913-ஆம் ஆண்டு. அன்றைக்குத்தான் கல்யாணமான ஒரு வெள்ளைக்கார ஜோடி கொல்லிமலை அடிவாரத்தில் வந்து நிற்கிறது. மணப்பெண்ணை மேலே தூக்கிப்போக டோலியோடு வரவேண்டிய ஆட்களைக் காணோம். இருட்டுவதற்குள் ஏறியாக வேண்டும். மழை வேறு பிடித்துக்கொள்கிறது. லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்த அந்தப் பெண் கல்யாண உடையோடு, கல்லும் சேறுமான ஒற்றையடிப் பாதையில் கால் வைக்கிறார். வாழவந்தி நாட்டு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உடையின் நிறமே வேறு.

அந்தப் பெண் ஈவ்லின் ஹாரிஸ். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் அந்த மிஷனுக்கு நிலையம் இருந்தது. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வெப்ப நாட்டு நோய்களுக்கான வைத்தியமும் படித்திருந்தார். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர், ஆனால் மலையில் அவர்தான் டாக்டர். மறு ஆண்டு ஜூலையில் பிறந்த மூத்த மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

டோலி வராத அந்த நாளை உலகறியச் செய்ததில் பெரும்பங்கு ஒரு புத்தகத்துக்கு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1976-இல் வெளியிட்ட 'கிரானி பிராண்ட்'. நூலகத்தில் அதை வாழ்க்கை வரலாறு என்ற அலமாரியில்தான் வைப்பார்கள். நடையோ நாவல் நடை. ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள், தங்களுக்குள் நினைத்துக்கொள்கிறார்கள், மழை சரியான நேரம் பார்த்துப் பெய்கிறது. இந்த மலையில் கிறிஸ்தவம் காலூன்றிய தொடக்க காலத்தைப் பற்றி வெளியுலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி பிராண்ட் குடும்பத்தைப் பற்றிய இத்தகைய நூல்களின் வழியாகப் போனதுதான். மலைக்காரர்களாகிய நாம் அதை என்ன செய்வது? அப்படியே எடுத்து வரலாறு என்று எழுதிக்கொள்வதா, மிஷன் கட்டுக்கதை என்று தூக்கி எறிவதா?

இரண்டுமே சோம்பேறி வேலை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்ட கதையை இம்மலைகளின் பழங்குடியினரான மலையாளிகள் கொல்லிமலையில் ஒரு விதமாகவும் பச்சைமலையில் ஒரு விதமாகவும் கல்வராயனில் இன்னொரு விதமாகவும் சொல்வதை இத்தொடரில் ஏற்கெனவே பார்த்தோம். அங்கே எந்தப் படியால் அளந்தோமோ அதே படியால்தான் இங்கேயும் அளக்க வேண்டும்.

முதலில் எழுதிய கை எது என்று பார்ப்போம். டோரதி வில்சன் மேய்ன் மாநிலத்துக்காரர். இந்தியாவைப் பற்றி எழுத வருமுன் அவருடைய தொழில் விவிலியத்திலிருந்து நாவல் செய்வது. 1944-இல் 'தி பிரதர்'. இயேசுவின் சகோதரர் யாக்கோபுதான் கதைத்தலைவர். 1946-இல் ஆமோஸ் தீர்க்கதரிசி. 1949-இல் மோசேயைப் பற்றிய 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'. சிசில் பி. டெமில் 1956-இல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படம் எடுத்தபோது கதைக்காகப் பெயர் போட்டு நன்றி சொன்ன மூன்று நூல்களில் அது ஒன்று. யாத்திராகமத்தில் குழந்தை மோசேக்குப் பெயர் வைத்த வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே அவர் பெரியவராகிவிடுகிறார். நடுவில் ஒன்றுமே இல்லை. படத்தில் நாம் வாய் பிளந்து பார்த்த அரண்மனை வாலிபம் முழுக்க அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தில் கட்டியது.

அதன்பின் இந்திய வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக வருகின்றன: 1959-இல் வேலூர் ஐடா ஸ்கடர், 1963-இல் டாக்டர் மேரி வர்கீஸ், 1965-இல் பால் பிராண்டைப் பற்றி 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்', 1976-இல் பாலின் தாயார். ஆதிச் சபையை நாவலாக்கிப் பழகிய கைதான் வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே மலையேறுமுன் ஒரு நடை எருசலேம் போய்விட்டு வருவது நல்லது. வழி நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாக்கோபைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது கொஞ்சம். மாற்கு நற்செய்தி இயேசுவின் சகோதரர் நால்வரைப் பெயர் சொல்கிறது. முதல் பெயர் இவருடையது. (கத்தோலிக்கர்கள் இவர்களைக் கூடப்பிறந்தவர்கள் என்று கொள்வதில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.) சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு பார்த்தால் எருசலேம் சபைக்கே யாக்கோபு தலைவராக இருக்கிறார். உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குக் காட்சி கொடுத்தார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி. நம்பாத தம்பி எப்படித் தலைவரானார் என்பதற்கு வேறு விளக்கம் எங்கும் கிடையாது. நாவலாசிரியர் குடியேறுவதற்கு இதைவிட நல்ல மனை கிடைக்காது.

இந்த யாக்கோபு பெயர் அடிபடும் ஒரு சண்டை உண்டு. அந்தியோகியாவில் யூதரும் யூதரல்லாதாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள், பேதுருவும் உட்கார்ந்தார். யாக்கோபிடமிருந்து சில பேர் வந்ததும் பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுலுக்குக் கோபம் வந்து எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். சண்டை எப்படி முடிந்தது, பேதுரு திரும்ப வந்து உட்கார்ந்தாரா என்பது கடிதத்தில் இல்லை. எழுதும்போது பவுலுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பல ஆண்டு கழித்து எழுதப்பட்ட அப்போஸ்தலர் நடபடிகளில் இதே காலத்துச் சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. எருசலேமில் கூட்டம் கூடுகிறது, பேதுரு பேசுகிறார், யாக்கோபு எழுந்து நிதானமாகத் தீர்ப்புச் சொல்கிறார், எல்லாரும் சம்மதித்து ஓலை அனுப்புகிறார்கள். பந்திச் சண்டையைப் பற்றி மூச்சே இல்லை. நடபடிகளை எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. சபை பிழைத்து நின்று வளர்ந்துவிட்டது என்று தெரிந்தபின் எழுதுகிறவருக்குப் பழைய சண்டைகள் சின்னதாகத் தெரியும். கடிதம் எழுதுகிறவனுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. கதை சொல்கிறவனுக்கு எல்லாம் தெரியும். மிஷன் வரலாறுகளைப் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: இந்த வாக்கியத்துக்கு முடிவு தெரியுமா, தெரியாதா?

யாக்கோபின் சாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது ஒரு பத்தி. ரோம ஆளுநர் பெஸ்து செத்துவிட்டார், புதிய ஆளுநர் அல்பினு வந்து சேரவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு தலைமை ஆசாரியர் அன்னா யூத நீதி சபையைக் கூட்டி, யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தார். ஆண்டு 62. சட்டத்தை மதிப்பவர்கள் புகார் செய்ய, மூன்று மாதப் பதவியோடு அன்னாவுக்கு வேலை போயிற்று. அவ்வளவுதான். கோட்டாட்சியர் அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெகேசிப்பு சொன்னதைச் சபை வரலாறு எழுதிய யூசேபியு எடுத்து வைத்திருக்கிறார். அதில் யாக்கோபு ஓயாமல் மண்டியிட்டு ஜெபித்ததால் முழங்கால் ஒட்டகத்துக்குக் காய்த்த மாதிரி காய்த்திருக்கிறது. அவரை ஆலயத்தின் உச்சியில் ஏற்றிப் பேசச் சொல்கிறார்கள். பேசுகிறார். கீழே தள்ளுகிறார்கள். சாகவில்லை. கல்லெறிகிறார்கள். எறிகிறவர்களுக்காகவே ஜெபிக்கிறார். கடைசியில் வெளுப்புக்காரர் ஒருவர் துணி அடிக்கிற கட்டையால் தலையில் அடித்து முடிக்கிறார். உடனே, ஆம், உடனே, ரோமத் தளபதி வெஸ்பாசியன் படையோடு வந்து முற்றுகை போடுகிறார். கணக்கு உதைக்கிறது. வெஸ்பாசியன் பாலஸ்தீனத்துக்கு வந்தது 67-இல். எருசலேம் விழுந்தது 70-இல், அவர் மகன் தீத்துவின் கையில். நடுவில் இருந்த ஆண்டுகளைக் கதை விழுங்கிவிட்டது. நல்லவரைக் கொன்றார்கள், நகரம் அழிந்தது என்ற நீதி அப்போதுதானே பொருந்தும். கண்ணகி கதையில் மதுரை எரிந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஆசை புதிதல்ல. வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், எருசலேம் அழிந்தது யாக்கோபைக் கொன்றதால்தான் என்று ஜோசப்பஸே எழுதியிருப்பதாகச் சொல்கிறார். நம் கையில் இருக்கும் ஜோசப்பஸில் அப்படி ஒரு வரி கிடையாது. கதை கோப்புக்குள்ளேயே புகப் பார்த்திருக்கிறது.

அதற்காகக் கதையெல்லாம் பொய் என்று முடிவுகட்டினாலும் மாட்டிக்கொள்வோம். தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டுச் சிரியப் புனைவு. அதில் பேசுகிற கழுதை எல்லாம் வருகிறது. குந்தபார் என்று ஓர் இந்திய அரசன் வருகிறான். அவனையும் கழுதையோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் கொண்டபரேஸ் என்ற அரசனின் நாணயங்கள் கிடைக்கத் தொடங்கின. தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைத்தது. அரசன் முதல் நூற்றாண்டில் உண்மையாகவே ஆண்டிருக்கிறான். தோமா அங்கே போனார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆனால் கதை கட்டியவர் வெறும் காற்றில் கட்டவில்லை.

இனி மலையேறுவோம்.

கல்யாண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிற சாலை அன்று இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் இந்த மலைக்கு உண்டு. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் மேலே வரத் தயங்கிய காலம். ஆகவே ஆள் வராமல் போவதும் மழையில் நடந்தே ஏறுவதும் அதிசயமே அல்ல. நம் பாட்டன்மார் வாரச்சந்தைக்கு அப்படித்தான் இறங்கி ஏறினார்கள், யாரும் புத்தகம் எழுதவில்லை. சம்பவத்தைச் சொன்னவரும் அதில் நனைந்தவரே. ஈவ்லின் 1974 வரை இருந்தார். குடும்பத்தாரும் நண்பர்களும் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பார்கள். நடந்து ஏறினார், நனைந்தார், உடை பாழாயிற்று என்பது வரை நான் ஒப்புக்கொள்கிறேன். வழியில் புருஷனும் பெண்டாட்டியும் இன்ன வார்த்தை பேசிக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அறுபது ஆண்டு கழித்து எழுதப்பட்ட பேச்சு அது.

இன்னொன்றும் உண்டு. அந்த டோலிக்காரர்கள் ஏன் வரவில்லை? கூலி பேசியதில் தகராறா, வீட்டில் காய்ச்சலா, ஆற்றில் தண்ணீரா? கதைக்கு அவர்கள் வராமல் இருந்தால் போதும். காரணம் தேவைப்படவில்லை. வராதவன் பக்கத்து நியாயத்தை யாரும் போய்க் கேட்கவில்லை.

அடுத்தது பூசாரி கதை. பிராண்ட் குடும்பக் கதைகளிலேயே எடை கூடியது இதுதான். மலையில் பிராண்ட் தம்பதி ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மதம் மாற ஒருவரும் முன்வரவில்லை. காரணம் ஒரு பூசாரியின் எதிர்ப்பு. 1918-19 இன்ஃப்ளூயன்சா மலைக்கும் வந்தது. பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். சொந்த ஜனம் எட்டிப்பார்க்கவில்லை. வெள்ளைக்காரத் தம்பதி கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப்பின் மலை மனம் இளகிற்று.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கொள்ளைக்காய்ச்சல் சந்தேகமில்லாத உண்மை. இந்தியாவில் மட்டும் அந்தக் காய்ச்சலில் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். பிராண்ட் தம்பதி அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள் என்பதும் உண்மை. அந்தப் பெண் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தார். கஞ்சியையும் நான் நம்புகிறேன். அந்தக் காய்ச்சலுக்கு உலகத்தில் எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை. தண்ணீரும் கஞ்சியும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் வைத்தியம். பல இடங்களில் பிழைத்தவர்கள் அதனால்தான் பிழைத்தார்கள்.

ஆனால் அந்தக் கஞ்சியின் கனம் நூலைப் படிக்கிற அமெரிக்கருக்கு முழுக்கத் தெரிந்திருக்காது. வேற்றுச் சாதியார் கையால் சமைத்ததைத் தின்றால் பஞ்சாயத்து கூடி விலக்கி வைக்கிற வழக்கம் மலையாளிகளிடம் இருந்தது. ஒரு பூசாரி அந்தக் கையிலிருந்து கஞ்சி குடித்தார் என்றால் தன் இடத்தையே பணயம் வைத்துக் குடித்தார். அந்தியோகியாவில் பேதுரு எழுந்துகொண்ட அதே பந்தி வழக்குத்தான். இங்கே ஆள் எழுந்துகொள்ளவில்லை, எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. கதையில் வெள்ளைக்காரர் செய்த தியாகம் பெரிதாகத் தெரிகிறது. பூசாரி செய்ததும் சின்னதல்ல.

சொந்த ஜனம் கைவிட்டது என்ற இடத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. கொள்ளைக்காய்ச்சலில் ஊரே படுத்துக்கிடக்கும். பூசாரி வீட்டுக்கு வராத பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டில் யாருக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தானோ. நல்ல சமாரியன் உவமையைக் கேட்டே வளர்ந்தவர்கள் இதைச் சொல்லும்போது, பார்த்தும் பாராமல் விலகிப்போகிறவர்கள் கதைக்குள் தாமாக வந்து நின்றுவிடுவார்கள்.

ஒரே பூசாரி ஒரு மலையையே கட்டி நிறுத்தினார் என்பதும் நாவலுக்குரிய சௌகரியம். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் நடை சுருங்கும். நம் மலையில் அதிகாரம் அப்படி ஒரே ஆளிடம் குவிந்ததில்லை. ஊர்க்கவுண்டர், கரைக்காரர், நாட்டுக் கூட்டம் என்று அது பல கைகளில் கிடந்தது. பூசாரிக்குக் கோயில் காரியத்தில் வாக்கு உண்டு. காணி, கல்யாணம், தள்ளி வைப்பது எல்லாம் கவுண்டர்களின் பொறுப்பு. மதம் மாறினால் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள், இழவுக்கு வரமாட்டார்கள். இத்தனையும் சேர்ந்துதான் ஆளைத் தடுத்திருக்கும்.

திண்ணனூர் நாட்டிலிருந்து எழுதுகிறவன் என்ற முறையில் இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொல்லிமலையில் பதினான்கு நாடு. ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை, தன் கவுண்டர், தன் நோன்பு. ஒரு நாட்டுத் தீர்ப்பு இன்னொரு நாட்டைக் கட்டாது. மிஷன் வீடு இருந்தது வாழவந்தி நாட்டில். அங்கே சில வீடுகள் ஞானஸ்நானம் பெற்றதை 'மலை கதவைத் திறந்தது' என்று எழுதினால் வெளியூர்க்காரர் ஒரே மலை, ஒரே கதவு என்று நினைத்துக்கொள்வார். பல்லாண்டு உழைப்புக்குப் பிறகும் கிறிஸ்தவர்கள் இந்த மலையில் சிறுபான்மையாகத்தான் இருக்கிறார்கள். மலையின் கிறிஸ்தவ வரலாற்றை யாராவது சரியாக எழுதுவதானால் நாடு நாடாக, ஊர் ஊராக எழுத வேண்டும். வளப்பூர் நாட்டுக் கதையும் சேலூர் நாட்டுக் கதையும் ஒன்றாக இருக்காது.

பால் பிராண்ட் தாமே எழுதியவை வேறு தரத்தவை. ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டவர் அவர். ஆகவே அவருடைய கொல்லிமலை ஒன்பது வயதுக்குள் கண்டது. அதில் ஒரு காட்சியைப் படிக்கும்போது வாடையே அடிக்கிறது. காலில் நரம்புச்சிலந்தி வந்தவர்கள் அப்பாவிடம் வருவார்கள். புண்ணிலிருந்து புழுவின் தலை நூல் மாதிரி எட்டிப்பார்க்கும். அப்பா அதை ஒரு குச்சியில் சுற்றி மெல்ல இழுப்பார். அன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். வேகமாக இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் வைக்கும். தண்ணீருக்குள் ஆள் இறங்கி மொண்டால் புண்ணிலிருந்து குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில் ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும். கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி, யாரும் இறங்காமல் வாளியால் இறைக்கச் சொன்னார் ஜெஸ்ஸி. இதில் கதையும் இல்லை, நீதியும் இல்லை. நோயின் போக்கு எழுத்துக்கு எழுத்துச் சரி. பின்னாளில் அரசு இயக்கங்களும் இதே வழியில்தான் போயின. 2000-இல் இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொத்தனார் வேலை தெரிந்த வைத்தியர் மலைக்கு என்ன செய்ய முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இன்னொரு நினைவு: தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா பிள்ளைகளை உள்ளே போகச் சொல்கிறார். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போடுகிறார். அவர்கள் உட்கார்ந்த இடத்துப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது என்று கட்டளை. தொழுநோய்க் கைகளைத் தொட்டுத் திருத்துவதையே பின்னாளில் வாழ்க்கையாகக் கொண்டவரின் நினைவில் இது இவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்வது முதலில் எனக்கு உறுத்திற்று. முடிவு தெரிந்த வாக்கியம்தான். ஆனாலும் நம்புகிறேன். பெற்றோரைப் பெருமைப்படுத்த நினைத்தவர் அவர்களைப் பயந்தவர்களாகக் காட்டியிருக்க மாட்டார். சகோதரர்களே நம்பவில்லை என்ற யோவானின் வரியை ஆராய்ச்சிக்காரர்கள் உண்மை என்று ஏற்பதற்கும் இதே காரணத்தைச் சொல்வார்கள்: சபைக்குச் சங்கடம் தரும் செய்தியைச் சபையே இட்டுக்கட்டுமா?

பால் 1980-களில் எழுதிய 'ஒரு பிடி சேறு' கட்டுரையை இந்த அளவுக்கு நம்பமாட்டேன். வயலில் தவளை பிடித்து வரப்பைக் கலக்கிய சிறுவர்களைத் தாத்தா ஒருவர் நிறுத்தி, கையில் சேற்றை அள்ளிக் காட்டி, ஓடுகிற கலங்கல் தண்ணீரோடு மண் போகிறது, போன மண் திரும்பாது என்று பாடம் சொல்கிறார். ஓடை மறித்த படிக்கட்டு வயலும், மடையைக் காத்த தாத்தாவும் இருந்திருப்பார்கள். அவர் பேச்சு மட்டும் மிகவும் திருத்தமாக இருக்கிறது. நம் பெரியவர்கள் வரப்பை உடைத்த பையன்களிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

முடிவு தெரியாத எழுத்து என்று சொன்னேனே, அதற்குச் சுத்தமான எடுத்துக்காட்டு 1929-இல் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் செத்தார். மலேரியா முற்றிச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும் நோய். கொய்னாவை விட்டுவிட்டு உண்டவர்களுக்கு அதிகம் வந்தது. வயது நாற்பதுகளில். லண்டனில் இருந்த மகனுக்குத் தந்தி போயிற்று. அப்பா சாவதற்கு முன் எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. தந்திக்குப் பிறகும் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்தன. மரம், பூச்சி, மலை நடை என்று பையனுக்கு எழுதிய கடிதங்கள். எழுதியவருக்குத் தான் சாகப்போவது தெரியாது. பதினைந்து வயதை எட்டாத பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான். பிராண்ட் குடும்ப வரலாற்றில் எதையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்றால் அந்தக் கடிதங்களைத்தான் நான் கை காட்டுவேன். எந்தச் சரித்திரக்காரரும் அவற்றின் நடையைத் திருத்தத் தேவையில்லை.

ஈவ்லினின் பிற்காலத்தில் கதைக்கும் உண்மைக்கும் தூரம் குறைகிறது. மிஷன் ஓய்வு கொடுத்தபின், எழுபதை நெருங்கும் வயதில் மறுபடியும் மலைக்கே வந்து தங்கிவிட்டார். கொல்லிமலையோடு நிற்கவில்லை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று மட்டக்குதிரையில் போனார். விழுந்து எலும்பு முறித்துக்கொண்டார், கழி ஊன்றிக்கொண்டு நடந்தார், டாக்டர் மகன் கீழே வந்துவிடச் சொல்லியும் கேட்கவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் மலையில் நிறையப் பேர் இருந்தார்கள். எழுத்தாளர் ஜோடித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தவரை இந்த மலையிலேயே கணவர் பக்கத்தில் புதைத்தார்கள். நூல் வெளிவந்தது அதற்குப் பிறகு. 'நான் அப்படிப் பேசவில்லையே அம்மா' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அதற்குள் போய்விட்டார்.

மிஷன் எழுத்தை இப்படிச் சலித்துவிட்டு அரசாங்க எழுத்துக்குப் போனால் அங்கேயும் சுத்தமான மணி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதியாக அச்சிட்ட சாதிகள், பழங்குடிகள் நூலிலும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய சேலம் மாவட்டக் கெசட்டியரிலும் மலையாளிகளைப் பற்றி உள்ளது. பிராண்ட் தம்பதி மலையில் இருந்த அதே காலம். கெசட்டியர்காரர் மதம் மாற்ற வரவில்லை, வரி போட வந்தார். அவர் கேட்ட கேள்விகளும் அதற்கேற்றவைதான். ஒரே மூன்று அண்ணன் தம்பிக் கதையை அவர்கள் எப்படி எழுதிக்கொண்டார்கள், யாரிடம் கேட்டு எழுதினார்கள், எந்த நாட்டைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.